செய்திகளில் ‘தான்’ இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நாளிதழின் பெங்களூரு பக்கத்தில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கக் கூட்டத்தில் நடந்த வாக்குவாதம் பற்றிச் சின்னதாக ஒரு செய்தி வந்திருந்தது. அதில் ஒரு வரி: “செயலாளர் பொருளாளரிடம், அவர் கணக்கைச் சரிபார்க்கவில்லை என்று கூறினார்.” மூன்று முறை படித்தேன். கணக்கைச் சரிபார்க்காதவர் யார்? செயலாளர் தன் தவறை ஒப்புக்கொண்டாரா, இல்லை பொருளாளரைக் குற்றம் சொன்னாரா? பக்கத்து வீட்டு அக்காவிடம் காட்டினேன். “பொருளாளர்தான் பார்க்கவில்லை” என்றார். அவர் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, “இல்லையே, செயலாளர் ஒத்துக்கொள்கிறார், அதைத்தானே போட்டிருக்கிறார்கள்” என்றார். ஒரே வரி, இரண்டு குற்றவாளிகள்.

‘தாம் கணக்கைச் சரிபார்க்கவில்லை’ என்று போட்டிருந்தால் தவறு செயலாளருடையது. பொருளாளருடையது என்றால் அந்த ‘அவர்’ இருந்த இடத்தில் ‘பொருளாளர்’ என்றே எழுதியிருக்கலாம். தமிழில் இதற்கென்றே ‘தான்’, ‘தாம்’ என்று சொற்கள் இருக்கின்றன. கொஞ்ச காலமாக அவை செய்திகளிலிருந்து நழுவிக்கொண்டே போவதைப் பார்க்கிறேன். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஆனால் நான் இதைக் கவனிக்கக் கற்றுக்கொண்டது தமிழ் வகுப்பில் அல்ல, லத்தீன் படிக்கும்போது. அதனால் அந்த வழியாகவே வருகிறேன். கடிதம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிவாஜிநகரில் ஓர் அச்சகத்தில் 31 வருடம் மெய்ப்புத் திருத்தினேன். கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், வக்கீல் நோட்டீஸ், கோயில் மலர், எல்லாம் என் கை வழியாகப் போயிருக்கின்றன. ஆரோக்கிய மாதா பேராலயத் திருவிழா செப்டம்பர் 8 அன்று. அதற்கு முன்னால் ஆகஸ்ட் முழுக்க நவநாள் புத்தகங்கள் தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் வந்து குவியும். புரூஃப் பார்க்க வயதான சாமியார் ஒருவர் வருவார். மெஷின் காலியாகும்வரை அவருக்கு வேறு வேலை கிடையாது. எனக்கு லத்தீன் மேல் ஆசை என்று தெரிந்ததும், பழைய கேலித் தாள்களின் (முதல் மெய்ப்பு எடுக்கும் நீளத் தாள்கள்) பின்பக்கத்தில் வாக்கியம் எழுதிக் கொடுத்துப் பதம் பிரிக்கச் சொல்வார். ஆசை வந்த கதை சின்னது. நான் குழந்தையாக இருந்தபோது பூசை லத்தீனில்தான் நடந்தது. என் பாட்டி ‘எத் கும் ஸ்பீரித்து தூவோ’ என்று கணீரென்று பதில் சொல்வார், பொருள் தெரியாமலே. 1960-களில் கத்தோலிக்க ஆயர்கள் ரோமில் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பூசை தமிழுக்கு வந்தது. பாட்டி சொல்லிக்கொண்டிருந்தது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணம் எனக்குப் போகவில்லை.

இப்போது வியாழக்கிழமை மாலைகளில் காக்ஸ் டவுனில் என் வீட்டு மாடியில் இரண்டு பேருக்கு லத்தீன் சொல்லிக் கொடுக்கிறேன். ஒருவர் குருமடத்தில் படிக்கும் பிரதர். திருச்சபைச் சட்டம் படிக்க அவருக்கு லத்தீன் வேண்டும். இன்னொருவர் சட்டக் கல்லூரி மாணவி. இரண்டு பேருமே வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள், பள்ளியில் ஆங்கிலத்தில் படித்தவர்கள். அவர்கள் கையில் இருப்பதும் ஆங்கிலத்தில் எழுதிய லத்தீன் இலக்கணப் புத்தகங்கள்தான். உங்கள் செய்தி வந்த வாரம் எங்கள் பாடம் அயற்கூற்று. ஒருவர் சொன்னதை, நினைத்ததை, கண்டதை இன்னொருவர் எடுத்துச் சொல்லும் வாக்கியம். லத்தீன் படிக்கிறவர்கள் முதலில் மூச்சு வாங்குவது இங்கேதான்.

கரும்பலகையில் ஒரு வாக்கியம் எழுதினேன்: ‘பேத்ருஸ் தீச்சித் பாவ்லும் வெனீரே.’ கோயில் உச்சரிப்பில் தருகிறேன். பழைய ரோமின் பெரும் பேச்சாளர் சிசரோ காலத்து ரோமானியர் ‘தீக்கித்’ என்றுதான் சொல்லியிருப்பார்கள். பேத்ருஸ் எழுவாய். தீச்சித் என்றால் சொல்கிறான். பாவ்லும் என்பது பாவ்லுஸ் என்ற பெயர் இரண்டாம் வேற்றுமை ஏற்ற வடிவம், ‘பவுலை’. வெனீரே என்பது நம்முடைய ‘வர’ என்ற எச்சத்துக்கு நெருக்கமானது. இப்போது சொல்லுக்குச் சொல் வையுங்கள். ‘பேதுரு பவுலை வரச் சொல்கிறான்.’ பிரதர் இதைத்தான் எழுதினார். சுத்தமான தமிழ். ஓர் எழுத்துக்கூடப் பிழை இல்லை. ஆனால் லத்தீன் வாக்கியம் சொல்வது அதை அல்ல. ‘பவுல் வருகிறதாகப் பேதுரு சொல்கிறான்’ என்பதுதான் பொருள். ஒன்று கட்டளை, இன்னொன்று தகவல்.

இந்தத் தவறை நான் தவறு என்று அடித்துவிடுவதில்லை. அந்த ‘பவுலை வரச் சொல்கிறான்’ லத்தீனிலும் இருக்கிறது, வேறொரு வினையோடு. ‘பேத்ருஸ் பாவ்லும் வெனீரே யூபெத்.’ யூபெத் என்றால் பணிக்கிறான். அங்கே ஐ-யும் எச்சமும் தமிழில் இருக்கிற மாதிரியே உட்கார்ந்துகொள்ளும். ஆக, லத்தீனின் இந்தக் கட்டுமானம் தமிழனுக்கு அந்நியம் இல்லை. தமிழில் அது பெரும்பாலும் ஏவலுக்குத்தான் பயன்படுகிறது. லத்தீனில் சொல்வது, நினைப்பது, அறிவது, கேள்விப்படுவது எல்லாவற்றுக்கும் பயன்படுகிறது. இப்படிச் சொன்னதும் பிரதர் முகத்தில் வெளிச்சம் வந்தது. ஆங்கிலப் புத்தகத்தில் இதே விஷயத்தைப் படித்து மூன்று வாரம் குழம்பியிருந்தார்.

அப்புறம் ‘வீதெயோ பாவ்லும் வெனீரே’, அதாவது காண்கிறேன். ‘பவுல் வருவதைக் காண்கிறேன்.’ இங்கே ஓர் அழகு உண்டு. லத்தீன் ‘ஐ’ உருபை ஆளுக்குக் கொடுக்கிறது. தமிழ் அதையே செயலுக்குக் கொடுக்கிறது. பவுலை அல்ல, வருவதை. சாமியார் இதைக் கேலித் தாளில் எழுதி, பவுல் தலையிலிருந்து ‘வருவது’ தலைக்கு ஓர் அம்புக்குறி போட்டது இன்றும் கண்ணில் நிற்கிறது.

காலம் பற்றிய பகுதிதான் எனக்கு மிக முக்கியம். அதைச் சொல்ல ஒரு வக்கீல் நோட்டீஸ் பற்றிச் சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஆங்கிலத்திலிருந்து யாரோ தமிழாக்கிய நோட்டீஸ் அச்சுக்கு வந்தது. வீட்டுத் தகராறு. அதில் ‘வீடு தன் வசம் இருந்ததாக என் கட்சிக்காரர் கூறினார்’ என்று ஒரு வரி. எழுத்துப்பிழை இல்லை, நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். ஐம்பது பிரதி அடித்தாயிற்று. மறுநாள் அந்த வக்கீல் நேரில் வந்தார். “இருந்ததாக என்றால் இப்போது இல்லை என்றல்லவா ஆகும்? இதை எதிர்க்கட்சி வக்கீல் பார்த்தால் போதும், அந்த ஆளை வீட்டை விட்டு வெளியேற்றிவிடுவான்” என்றார். ஐம்பதையும் கிழித்துப் போட்டு மறுபடி அடித்தோம். ‘இருப்பதாக.’ இரண்டு எழுத்துதான் மாறியது.

ஆங்கில மூலத்தில் என்ன இருந்தது? ‘வாஸ்’ என்ற சொல். ஆங்கிலத்தில் ‘சொன்னார்’ என்று முன்னால் இறந்தகாலம் வந்துவிட்டால், பின்னால் வருவதும் ஒரு படி பின்னால் இழுக்கப்படும். அவர் சொன்னபோது வீடு அவர் கையில் இருந்தது என்பதை பெரும்பாலும் அப்படித்தான் அவர்கள் எழுதுவார்கள். தமிழுக்கு அந்த வழக்கம் கிடையாது. ‘இருப்பதாகச் சொன்னார்’ என்றால் சொன்ன நேரத்தில் இருந்தது. ‘இருந்ததாகச் சொன்னார்’ என்றால் சொன்ன நேரத்துக்கு முன்பே இருந்தது. ‘இருக்கப்போவதாகச் சொன்னார்’ என்றால் இனிமேல். சொன்ன நேரத்தை மையமாக வைத்துத்தான் தமிழ் கணக்குப் போடுகிறது.

அடுத்த முறை சாமியார் வந்தபோது நடந்ததைச் சொன்னேன். அவர் பேனாவை எடுத்து மூன்று வரி எழுதினார். ‘தீக்சித் சே இன் உர்பே எஸ்ஸே.’ தான் நகரத்தில் இருப்பதாகச் சொன்னான். ‘தீக்சித் சே இன் உர்பே ஃபுயிஸ்ஸே.’ இருந்ததாகச் சொன்னான். ‘தீக்சித் சே இன் உர்பே ஃபுத்தூரும் எஸ்ஸே.’ இருக்கப்போவதாகச் சொன்னான். எஸ்ஸே, ஃபுயிஸ்ஸே, ஃபுத்தூரும் எஸ்ஸே; இருப்பதாக, இருந்ததாக, இருக்கப்போவதாக. “உன் தமிழும் இந்த லத்தீனும் ஒரே மாதிரிக் கணக்குப் பார்க்கிறது. நடுவில் இங்கிலீஷை விட்டாய், கெட்டது” என்றார். அன்றிலிருந்து நான் லத்தீனை நேராகத் தமிழில்தான் யோசிக்கிறேன். என் மாணவர்களிடமும் அதையே கேட்கிறேன். ‘எஸ்ஸே’ என்று பார்த்துவிட்டு மனதுக்குள் ‘வாஸ்’ என்று மொழிபெயர்த்து, அதை ‘இருந்ததாக’ என்று இன்னொரு முறை மொழிபெயர்க்கிறார்கள். இரண்டு முறை மொழிபெயர்த்ததில் பொருள் நேர் எதிராகிவிடுகிறது.

ஓர் எச்சரிக்கை மட்டும் சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் எல்லாம் அச்சாகப் பொருந்துகிறது என்று சொன்னால் பொய்யாகும். ‘வருவதாகச் சொன்னான்’ என்றால் நம் காதுக்கு அது வாக்குறுதி, இனிமேல் வருவான். ‘வெனீரே’ என்பதோ வந்துகொண்டிருப்பது. அதனால் இயக்க வினைகளில் ‘வந்துகொண்டிருப்பதாக’ என்று விரித்து எழுதச் சொல்வேன். வாக்குறுதிக்கு லத்தீனில் எதிர்கால வடிவமே வேண்டும்: ‘ப்ரொமீத்தித் சே வெந்தூரும் எஸ்ஸே’, வருவதாக வாக்குக் கொடுக்கிறான். இதில் ‘எஸ்ஸே’யைப் பல இடங்களில் எழுதாமலே விட்டுவிடுவார்கள். மாணவர்கள் வினை எங்கே என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

அதே இடத்தில் இன்னொரு நுணுக்கம். சொன்னது பெண் என்றால் ‘தீக்சித் சே வெந்தூரம்’ என்று வரும். லத்தீனில் ‘சொன்னான்’, ‘சொன்னாள்’ இரண்டுக்கும் தீக்சித் ஒன்றுதான். பால் தெரிவது ‘வெந்தூரம்’ என்பதன் கடைசியில். தமிழில் ‘வருவதாக’ என்பதில் பால் இல்லை, ‘சொன்னாள்’ என்பதில் இருக்கிறது. சட்டக் கல்லூரிப் பெண் இதைக் கண்டுபிடித்தபோது நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள்.

இப்போது அந்தச் ‘சே’. நான் கடிதம் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். ‘பேத்ருஸ் தீக்சித் சே எர்ராவிஸ்ஸே.’ தான் தவறு செய்ததாகப் பேதுரு சொன்னான். ‘பேத்ருஸ் தீக்சித் எயும் எர்ராவிஸ்ஸே.’ அவன் தவறு செய்ததாகப் பேதுரு சொன்னான். அந்த ‘அவன்’ பேதுரு அல்ல, வேறொருவன். ‘சே’ எப்போதும் சொன்னவனிடமே திரும்பி வரும். ‘எயும்’ ஒருபோதும் திரும்பாது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘ஹி’ ஒன்றுதான். யார் என்று படிப்பவர் ஊகிக்க வேண்டும். தமிழில் ஊகிக்க வேண்டியதே இல்லை. தான், அவன். ‘சே’ மாதிரியே ‘தான்’ என்பதிலும் ஆண், பெண் வேறுபாடு இல்லை. லத்தீன் ஒருமைக்கும் பன்மைக்கும் ‘சே’ ஒன்றையே வைத்திருக்க, நாம் தான், தாம், தாங்கள் என்று இன்னும் நுட்பமாகப் பிரித்து வைத்திருக்கிறோம். எங்கள் தெருவில் கன்னடம் பேசுகிறவர்களைக் கேட்டேன். அவர்களுக்கும் ‘தானு’ இருக்கிறது. ‘என்று’ என்பதற்கு எழுத்தில் ‘எந்து’, பேச்சில் ‘அந்த’. லத்தீனின் இந்த வாசல் தென்னாட்டுக்காரர்களுக்குத் திறந்தே இருக்கிறது.

ஆனால் என் மாணவர்கள் இருவரும் ‘சே’ என்பதற்கு ‘அவன்’ என்றே எழுதினார்கள். ஏன் என்று கேட்டேன். “‘தான்’ எல்லாம் இப்போது யார் எழுதுகிறார்கள் டீச்சர்? பேப்பரிலேயே அவர் என்றுதான் போடுகிறார்கள்” என்றாள் அந்தப் பெண். உங்கள் நாளிதழை எடுத்து வந்து அந்தச் சங்கச் செய்தியைக் காட்டினாள். எனக்கு மனசு கனத்துப்போனது. மெய்ப்புத் திருத்திய காலத்தில் ‘தான்’ விழுந்துபோன இடங்களில் எத்தனையோ முறை ஓரத்தில் குறி போட்டு ஏற்றியிருக்கிறேன். அந்தக் குறியை இப்போது யாரும் போடுவதில்லை போலிருக்கிறது. ஏஜென்சியிலிருந்து ஆங்கிலத்தில் வரும் செய்தியை இரவு பத்து மணிக்கு அவசரமாகத் தமிழாக்குகிறவர்களின் சிரமம் எனக்குத் தெரியும். ஆனால் ‘ஹி’ என்று பார்த்த கை ‘அவர்’ என்றும், ‘வாஸ்’ என்று பார்த்த கை ‘இருந்ததாக’ என்றும் தட்டிவிட்டுப் போனால், காலையில் படிக்கிறவனுக்கு யார் செய்தார், எப்போது செய்தார் இரண்டுமே தப்பாகப் போய்ச் சேருகிறது.

இன்னும் ஒன்று. ‘என்று’ போடுவதற்கும் ‘ஆக’ போடுவதற்கும் வித்தியாசம் உண்டு. ‘அவன் மிரட்டினான் என்று கூறினார்’ என்றால் சொன்னவரின் வாயைக் கேட்கிறோம். ‘அவன் மிரட்டியதாகக் கூறினார்’ என்றால் செய்தி எழுதுகிறவர் ஒரு படி தள்ளி நிற்கிறார். அது உண்மையா பொய்யா என்பதற்கு அவர் பொறுப்பில்லை. போலீஸ் செய்திகளில் இந்த ‘ஆக’ ஒரு மனிதனின் மானத்தைக் காப்பாற்றும். ரோமானியருக்கும் இந்தத் தள்ளி நிற்கும் குரல் பழக்கம். கிரேக்கக் கவிஞர் ஹோமர் பார்வையற்றவராக இருந்ததாகப் பரம்பரையாகச் சொல்லிவருகிறார்கள் என்று சிசரோ எழுதும்போது, ‘ஹோமேரும் சேக்கும் ஃபுயிஸ்ஸே’ என்று அதே கட்டுமானத்தில்தான் எழுதுகிறார்.

நீண்ட அயற்கூற்றுக்கு வந்தால் சீசரைத் தாண்ட முடியாது. கால் என்ற நாட்டில் (இன்றைய பிரான்ஸ் பகுதி) நடத்திய போர்களைப் பற்றிய அவர் நூலின் முதல் பகுதியில், கி.மு. 58-இல் ஹெல்வேத்தியர் என்ற இனத்தாரின் தூதனாக திவிக்கோ வருகிறான். தாங்கள் 20 நாள் பெரும்பாடு பட்டுக் கடந்த ஆற்றை, சீசர் பாலம் போட்டு ஒரே நாளில் கடந்துவிட்டதை அறிந்துதான் அவர்கள் தூது அனுப்புகிறார்கள். திவிக்கோ பேசிய பேச்சு முழுவதையும் சீசர் அயற்கூற்றாகவே எழுதியிருக்கிறார். முதலில் ஒரே ஒரு முறை ‘பேசினான்’ என்று வரும். பிறகு ‘சொன்னான்’ என்ற வினையே இல்லாமல் வரிவரியாகப் போகும். மாணவர்கள் பாதியில், இது சீசர் சொல்வதா திவிக்கோ சொல்வதா என்று தொலைந்துபோவார்கள்.

இதற்கு நான் கண்ட மருந்து என் பாட்டியின் ‘ஆம்’. “ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தானாம், அவனுக்கு ஏழு பிள்ளையாம்” என்று பாட்டி கதை சொல்லும்போது, ‘சொன்னார்கள்’ என்று ஒரு தடவைகூட வராது. ஒவ்வொரு வினையின் வாலிலும் அந்த ‘ஆம்’ இருக்கும். கேட்கிற குழந்தைக்கு இது பாட்டி கண்டதல்ல, கேட்டது என்று தெரியும். திவிக்கோவின் பேச்சை முதலில் அப்படியே வாய்மொழியாகச் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். “ரோமர் சமாதானம் செய்துகொண்டால், சீசர் எங்கே இருக்கச் சொல்கிறாரோ அங்கே போய் இருந்துகொள்வார்களாம். சண்டைதான் என்றால், ரோமர் முன்பு பட்ட அடியையும் ஹெல்வேத்தியரின் பழைய வீரத்தையும் அவர் நினைத்துப் பார்க்கட்டுமாம். தந்திரத்தை நம்பாமல் வீரத்தோடு போரிடத்தான் தங்கள் தகப்பன்மாரிடம் கற்றிருக்கிறார்களாம்.” சீசர் பிணையாட்கள் கேட்டபோது வந்த பதில்: “ஹெல்வேத்தியருக்குப் பிணையாள் வாங்கித்தான் பழக்கமாம், கொடுத்துப் பழக்கமில்லையாம், அதற்கு ரோம மக்களே சாட்சியாம்.” பிரதர் இதைச் சொல்லி முடிக்கும்போது திவிக்கோவின் நெஞ்சு நிமிர்ந்து நிற்பது தெரிந்தது. அதன் பிறகு எழுத்துத் தமிழுக்கு மாற்றுவது சுலபம்: தாங்கள் கற்றிருப்பதாகவும், தங்களுக்குப் பழக்கமில்லை என்றும், ரோம மக்களே சாட்சி என்றும் அவன் கூறினான். ‘ஆகவும்… என்றும்… கூறினான்.’ நல்ல நிருபர்கள் நீண்ட பேச்சை எழுதும் நடை இதுதான். லத்தீனில் வினை முன்னால் நின்று மற்றவற்றை இழுத்துப் போகிறது. தமிழில் கடைசியில் நின்று எல்லாவற்றையும் முடிச்சுப் போடுகிறது.

குருமட மாணவர்களுக்கு மட்டும் தனியாக வரும் ஒரு சிக்கல் உண்டு. அவர்களுக்கு விவிலிய லத்தீன் முன்பே பழக்கம். புனித ஜெரோம் 382-இல் திருத்தத் தொடங்கிய அந்த மொழிபெயர்ப்பில் சமாரியப் பெண் இயேசுவிடம் சொல்வது: ‘வீதெயோ குயியா ப்ரொஃபேத்தா எஸ் தூ.’ நீர் தீர்க்கதரிசி என்று காண்கிறேன். சிசரோ எழுதியிருந்தால் ‘வீதெயோ தே ப்ரொஃபேத்தாம் எஸ்ஸே’ என்றிருக்கும். கிரேக்க மூலத்தில் ‘ஹோத்தி’ என்று ஒரு சொல் இருக்கிறது. அதன் இடத்தில் ‘குயியா’ வந்தது. பேச்சு லத்தீனிலும் இந்த வழக்கு வளர்ந்து, இத்தாலிய, பிரெஞ்சு மொழிகளுக்கு இதுதான் போய்ச் சேர்ந்தது. நான் இப்படிச் சொல்லிக் கொடுக்கிறேன்: கோயில் லத்தீன் பெரும்பாலும் ‘என்று’ போடும், சிசரோவின் லத்தீன் ‘ஆக’ போடும். நம் மொழியில் இரண்டும் இருக்கும்போது பயப்பட என்ன இருக்கிறது?

இந்தக் கட்டுமானம் ஒரு மன்னனையே ஏமாற்றியதாக ஒரு பழைய கதை உண்டு. எப்பிருஸ் என்ற கிரேக்க நாட்டு மன்னன் பிர்ருஸ் ரோமரோடு போருக்குப் போகும்முன் அப்பல்லோ தெய்வத்திடம் குறி கேட்டானாம். கிடைத்த பதிலைக் கவிஞர் என்னியுஸ் லத்தீனில் எழுதினார்: ‘ஆயோ தே, ஏயாச்சிதா, ரோமானோஸ் வின்ச்செரே போஸ்ஸே.’ ஏயாச்சிதா என்பது மன்னனின் குலப்பெயரால் விளிப்பது. ‘தே’ உன்னை. ‘ரோமானோஸ்’ ரோமரை. இரண்டுக்கும் ‘ஐ’. நீ ரோமரை வெல்ல முடியும் என்கிறேன் என்றும் படிக்கலாம். ரோமர் உன்னை வெல்ல முடியும் என்கிறேன் என்றும் படிக்கலாம். பிர்ருஸ் கி.மு. 280-இல் இத்தாலிக்குப் போய், வென்ற போர்களிலும் பெரும் படையை இழந்து, 275-இல் திரும்பிப் போனான். சிசரோ இந்தக் கதையை நம்பவில்லை. அப்பல்லோ தெய்வம் லத்தீனில் பேசியதே கிடையாது, கிரேக்கர்கள் இந்தக் குறியைக் கேள்விப்பட்டதே இல்லை என்று எழுதியிருக்கிறார்.

இதைத் தமிழாக்கச் சொன்னேன். தமிழில் இரண்டு ‘ஐ’ வராது. எழுவாய் தனியாக வெளியே வந்து நின்றுவிடும், மறைக்க இடமில்லை. பிரதர் கையை விரித்துவிட்டார். அந்தப் பெண் அரை மணி நேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு எழுதியது: “உனக்கும் ரோமருக்கும் நடக்கும் போர் வெற்றியில் முடியும் என்று சொல்கிறேன்.” யாருக்கு வெற்றி என்று சொல்லவில்லை. லத்தீனில் வேற்றுமையில் ஒளிந்திருந்த சூழ்ச்சியைத் தமிழில் வேறு இடத்தில் ஒளித்துவைத்துவிட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. குறி சொல்கிறவர்களுக்கு அந்த மயக்கம் தேவை. செய்திக்குத் தேவையில்லை.

தமிழுக்கும் லத்தீனுக்கும் இடையே நேர்ப்பாதை ஒன்றும் புதிதல்ல. ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு தமிழ் இலக்கணத்தை லத்தீனில் எழுதி, 1716-இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சிட்டார். வீரமாமுனிவர் பேச்சுத் தமிழின் இலக்கணத்தை லத்தீனில் எழுதினார். அது 1738-இல் தரங்கம்பாடியில் அச்சானது. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்தவரும் அவர்தான். அவர்கள் தமிழைக் கற்க ஆங்கிலத்தைத் தேடிப் போகவில்லை. அவர்கள் வந்த பாதையில் நாம் எதிர்ப்பக்கமாக நடந்து போகலாம்.

உங்களிடம் கேட்பது இரண்டு. உங்கள் துணையாசிரியர்கள் மேஜையில், சொன்னவரும் செய்தவரும் ஒருவரே என்றால் ‘தான்’ அல்லது ‘தாம்’ போடவேண்டும், சொன்ன நேரத்தில் நடப்பது என்றால் ‘இருப்பதாக’ என்றே எழுதவேண்டும் என்று ஒரு சீட்டு ஒட்டிவையுங்கள். ஞாயிறு இணைப்பில் மாணவர் பக்கத்தில் கொஞ்சம் இடம் கொடுத்தால், லத்தீனைத் தமிழ் வழியாகவே சொல்லிக் கொடுக்கும் சிறு பாடங்களை எழுதித் தர நான் தயார். மெய்ப்பும் நானே பார்த்துத் தருகிறேன்.

அப்புறம், அந்தக் குடியிருப்புச் சங்கச் செய்தி. கணக்கைச் சரிபார்க்காதவர் செயலாளரா, பொருளாளரா என்று உங்கள் நிருபரிடம் கேட்டு ஒரு வரி திருத்தம் போடுங்கள். வியாழக்கிழமைக்குள் வந்தால் நல்லது. அந்த வரியை லத்தீனில் எழுதச் சொல்லி வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறேன். ‘சே’ போடுவதா ‘எயும்’ போடுவதா என்று இரண்டு பேரும் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
காக்ஸ் டவுன், பெங்களூரு